கொடியில் ஈரத்துணி

மார்ச் 6

சின்னவளுக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் மாமா நலம். நான் ஊரில் இல்லாத நாட்களில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாமல் மிக நலமாக இருந்திருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். தண்ணீர் குடித்தாயா என்றுதான் கேட்பேன்.

குடித்திருக்க மாட்டாய். நான் கிளம்பும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த ஜாடி வைத்தபடியே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பிரசவ வலியில் உன்னை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். பிள்ளையும் போயிற்று. அதன் தலை அழுத்தி அழுத்தி உள்ளே துளை விழுந்து, அன்றிலிருந்து மூத்திரம் நிற்காமல் ஒழுகியது. இரண்டு வருஷமாக, ஒழுகுமே என்று பயந்து தண்ணீரையே நிறுத்திவிட்டாய். சரி. இப்போது அந்தத் துளையைத் தைத்தாகிவிட்டது. இனி எல்லாம் தலைகீழ். நிறையக் குடித்தால்தான் மூத்திரம் இறங்கப் போட்டிருக்கிற டியூப் அடைக்காது. டியூப் ஓடினால்தான் உள்ளே மூத்திரப்பை உப்பாது. பை உப்பாமல் இருந்தால்தான் தையல் பிடிக்கும். இதை டாக்டரம்மா உன்னிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், சுவரிடம்கூடச் சொன்னார். சுவராவது கேட்டிருக்கும்.

உனக்கென்று ஃபோன் இல்லை. மாப்பிள்ளையின் ஃபோன் அவரோடு லாரியில் ஊர் சுற்றுகிறது. ஆஸ்பத்திரி மூலைக் கடை ஃபோனில் உன்னைக் கூப்பிட்டு, டியூபில் மாட்டிய பை நிறைந்ததா, என்ன நிறம் என்று கேட்டால், பின்னால் நிற்கிறவர்களும் சேர்ந்து பதில் சொல்வார்கள். அதனால்தான் கடிதம்.

உன்னை உன் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு வந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "என் அஞ்சு பிள்ளையும் வீட்லதான் பொறந்துச்சு, வண்டி எதுக்கு?" என்று சொன்ன புண்ணியவதி அவர்தானே. எனக்கு இன்னும் ஒரு வாரம் லீவு கொடுத்திருந்தால் அவரை வார்டு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். ஹோட்டல் சலவைக்கூடத்துக்கு நான் இல்லாவிட்டால் படுக்கை விரிப்புகள் சுருங்கிச் செத்துவிடுமாம்.

இதை மடித்து வைத்ததும் ஒரு டம்ளர் குடி.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். மாமாவைத் திட்ட முடிகிற அளவுக்கு உனக்குத் தெம்பு இருக்கிறதே, அது போதும்.

உன் கடிதம் வந்தபோது அத்தை பக்கத்தில் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதம் என்றால் உயிர். யாருக்கு வந்தாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புண்ணியவதி வந்த இடத்தில் நான் இருமினேன். இருமினால் தையலுக்கு ஆகாது என்று சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன். இனிமேல் எழுதும்போது யார் யார் காதில் விழும் என்று யோசித்து எழுது. உனக்கு அது வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

டியூப் ஒரு தடவை அடைத்துக்கொண்டது. நான் அரை டம்ளர் அரை டம்ளராகக் குடித்ததால்தான் என்று சிஸ்டர் வார்டே கேட்கும்படி சொன்னார். என்ன செய்ய? டம்ளரைப் பார்த்தாலே கை பின்னால் போகிறது. பஸ் டெப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருந்த கடைசி மாதங்களில் காலையில் ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான். அப்படியும் பக்கத்து நாற்காலிக்காரி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அன்றுதான் வேலையை விட்டேன். அந்தப் பழக்கம் இரண்டு வாரத்தில் போகுமா?

அத்தை அறிவுரை எதுவும் சொல்வதில்லை. டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் வாங்கும்வரை நிற்பார். கை வலிக்குமே என்று வாங்கிக் குடித்துவிடுகிறேன்.

எதிர்க் கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு இது மூன்றாவது ஆபரேஷன். முதல் தடவை நன்றாகத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்களாம்; ஒரு மாதத்தில் பிரிந்துவிட்டதாம். ஏன் என்று கேட்டேன். "என் வீட்டுக்காரரைக் கேளு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இதை ஒட்டுகிறேன். நம்பு.

தங்கை


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

மாமா சுகம்தானே? நான் சுகம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

டியூபை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் மூத்திரப்பைக்குள் நீல மருந்து ஏற்றி, கசிகிறதா என்று பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். பஞ்சில் ஒரு சொட்டு நீலம் இல்லை. டாக்டரம்மா பஞ்சை என்னிடமே காட்டினார். மறுநாள் காலையில் எழுந்ததும் படுக்கையைத் தடவினேன். காய்ந்திருந்தது. இன்னொரு முறை தடவினேன். எதைத் தேடுகிறாய் என்று சிஸ்டர் கேட்டதும் அழுதுவிட்டேன். இருமினால் மட்டும் லேசாகக் கசிகிறது. இறுக்கிப் பிடித்து மெதுவாக விடும் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; செய்தால் அதுவும் சரியாகிவிடுமாம்.

நாளை வீட்டுக்கு. அழைத்துப்போக அவர் வந்திருக்கிறார். டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். குடம் தூக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து ஆறு மாதம், அதாவது ஆகஸ்ட் முடியும்வரை, புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாது. ஒரு வருஷத்துக்குப் பிள்ளைப் பேச்சு வேண்டாம். அப்புறம் பிள்ளை என்றால் வலிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

ஆறு மாதம் என்றதும் அவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றார். அத்தை சிரிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

நீ சுகம் என்று எழுதியதை மூன்று முறை படித்தேன். உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். நானும் அழுதேன், அழுதபடியே ஒரு மேஜை விரிப்பை மடிப்பு மாற்றித் தேய்த்து மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகட்டும்.

உன் வீட்டுக்காரர் எதற்குச் சிரித்தார்? இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? அந்த எதிர்க் கட்டில் அம்மாவின் கதை என் தலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். கெஞ்சினாலும் கோபித்தாலும் ஆறு மாதம். அவர் லோடு இல்லாமல் வீட்டில் இருந்தால் நீ மாமியார் பக்கத்தில் படு. அந்த அம்மாள் அதற்காவது உபயோகப்படட்டும்.

முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடு. இரும்பு மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியாதே, நீ எறிவாய். டெப்போ மேனேஜருக்கு, வேலைக்குத் திரும்புகிறேன் என்று எழுதிக் கொடு. உட்கார்ந்து செய்கிற வேலைதானே. மின்விசிறிக்காரி முகத்தைப் பார்க்க நானே நேரில் வரலாமா என்று இருக்கிறது.

இரண்டு வருஷமாக நீ என்னிடம் கேட்டதெல்லாம் துணி துவைக்கும் சோப்பு மட்டும்தான். பழக்க தோஷம், இந்த மாதமும் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். பதில் தாமதமானதற்குக் காரணம் எதுவும் இல்லை.

லாரி கியர் பாக்ஸ் பழுதாகிப் பட்டறையில் நிற்கிறது. அதனால் அவர் மூன்று வாரமாக வீட்டில்தான். உன் கடிதங்களை இப்போது அவர்தான் அத்தைக்கு வாசித்துக் காட்டுகிறார். ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே வாசிக்கிறார். சிரித்ததைப் பற்றி நீ எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.

டெப்போவுக்கு இன்னும் எழுதவில்லை. ஏன் என்று கேட்காதே. பயிற்சியைத் தவறாமல் செய்கிறேன். சோப்பு நிறைய இருக்கிறது, இனி அனுப்ப வேண்டாம்.

தங்கை


ஜூன் 4

சின்னவளுக்கு,

நான் சுகமாக இல்லை. எப்படி இருப்பேன்?

உன் தெருவில் ரவிக்கை தைக்கிற அம்மாள், மகளைப் பார்க்க இந்த ஊருக்கு வந்தவர், என்னையும் பார்த்துவிட்டுப் போனார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "ஆபரேஷன் பண்ணி என்னத்துக்கு? இன்னும் கொடி முழுக்க ஈரத்துணிதான் காயுது" என்றார். நான் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் நின்றுவிட்டேன். ஒரு தலையணை உறை கருகியது.

ஏன் என்னிடம் மறைத்தாய்? இதைப் போய்த் தெருக்காரி வாயால் நான் கேட்க வேண்டுமா? ஒரே வயிற்றில் பிறந்தவள்தானே நான்? தையல் பிரிந்துவிட்டதா? எப்போதிலிருந்து? அவர் மூன்று வாரம் வீட்டில் இருந்தார் என்று எழுதியிருக்கிறாயே, அதிலிருந்தா? இல்லை என்றால் உன் மாமியார் குடம் தூக்க வைத்தாரா? எதையாவது எழுது. நீ எழுதாவிட்டால் நான் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொள்கிறேன். என் கற்பனையில் உன் மாமியார் நன்றாகவே இருப்பதில்லை.

அன்றைக்கு வண்டியைக் கூப்பிட விடாத மனுஷி, இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது, தப்புப் பண்ணிட்டேன் என்று உன்னிடம் சொன்னாரா? அதற்கு மட்டுமாவது பதில் போடு.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

மாமாவுக்கு என் அன்பு. உறை கருகியதற்கு உன்னைத் திட்டினார்களா?

நான் எழுதாததை எல்லாம் நீயே எழுதிக்கொண்டு, அதற்கு என்னிடம் பதிலும் கேட்டால் நான் என்ன செய்வேன்? தையல் பிரிந்தது என்று நான் எங்கேயாவது எழுதினேனா? ஆஸ்பத்திரிக்கு எழுதாதே. யாரிடமும் எதையும் கேட்காதே. ஆகஸ்ட் முடியட்டும். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

நீ பதில் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில்: சொல்லவில்லை. ஆனாலும் அத்தையைத் திட்டாதே.

தங்கை


ஜூலை 2

மாமியார் அம்மாளுக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் உங்களுக்கு நேராக எழுதுவது இதுவே முதல் தடவை. என் தங்கை வாயைத் திறப்பதில்லை. அவள் வாயை அடைத்தது யார் என்று எனக்குத் தெரியும். தையல் பிரிந்து மறுபடி ஒழுகுகிறது என்று ஊருக்கே தெரிகிறது, எனக்குத்தான் தெரியக் கூடாதா? ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் கட்டில் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானே வந்து அழைத்துப் போவேன். நீங்கள் வர வேண்டாம்.

இன்னொன்று. முன்பெல்லாம் வாரம் தவறாமல் சோப்புக் கேட்டவள், மூன்று மாதமாக ஒரு கட்டிகூடக் கேட்கவில்லை. அனுப்பியதும் அப்படியே இருக்கிறது என்கிறாள். கொடி முழுக்கத் துணி காய்கிறது, சோப்பு மட்டும் கரைவதில்லை. எனக்கு வேலையே துணி துவைக்கிற இடத்தில். மூத்திரத் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் போட்டால் நாற்றம் தெருமுனை வரை வரும். அப்படியானால் சோப்புப் போட்டுத் துவைக்கக்கூட அவளை விடுவதில்லை, அந்த நாற்றத்திலேயே வைத்திருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? நீங்களும் ஒரு பெண்தானே?

பதில் எதிர்பார்க்கிறேன். யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகளின் அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உன் வாயைக் கட்ட முடியாது என்று தெரியும். உன் பேனா அதைவிட மோசம்.

அத்தை பேருக்கு வந்த கடிதம் என்று அவருக்கு ஒரே பெருமை. லோடு இறக்கிவிட்டு அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்த மகன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவரும் வாசித்தார். திட்டெல்லாம் வந்தபோது அத்தை கண்ணை மூடியபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சோப்பு வந்ததும் வாசித்தவர் நிறுத்தினார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் கொடியில் இருந்த ஒரு துணியை எடுத்து முகர்ந்தார். திரும்பி வந்து, "இது வெறும் தண்ணி" என்றார்.

நீ தப்பாகக் கணக்குப் போட்டாய். அவர் சரியாகப் போட்டுவிட்டார்.

நான் ஒழுகவில்லை அக்கா. ஏப்ரலிலிருந்து ஒரு சொட்டு இல்லை. இருமினாலும் இப்போது இல்லை. கியர் பாக்ஸ் பழுதாகி அவர் வீட்டில் இருந்தாரே, அப்போது இரண்டாவது நாளே என்னிடம் வந்தார். டாக்டர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள், ஆறு என்றால் இரண்டு என்று அர்த்தம் என்றார். லாரிக்காரருக்கு எல்லாவற்றிலும் பேரம். நான் முடியாது என்றேன். கோபித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அத்தை குழாயடியில் உட்கார்ந்து என் பழைய துணிகளை ஒவ்வொன்றாக நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் தெரு பார்த்தது போதாதா, காய்ந்த துணியை நனைத்து மறுபடி எதற்கு என்னை அசிங்கப்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "அவன் வீட்ல இருக்கான்ல" என்றார். அவ்வளவுதான். கொடியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், மறுபடி ஒழுகுகிறது என்று நினைத்து, தன் பாயை முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நானும் அத்தையும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் அத்தை குழாயைத் திறப்பார். உன்னிடம் எப்படி எழுதுவேன்? நீ ஆனந்தத்தில் மூன்று பக்கம் பதில் எழுதுவாய், அதை அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார்.

இதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று நினைக்காதே. காய்ந்த உடம்போடு தெருவில் நடந்தேன், எல்லோரும் ஒதுங்கினார்கள். டெப்போவுக்கு எழுத முடியவில்லை. தையல்காரம்மாவிடம், பொய் அம்மா, நான் நன்றாக இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி. அதற்குள் உன் சோப்பு.

அன்றைக்கு அத்தை மறைக்கவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னார்: "ஆமா, நான்தான் நனைச்சுப் போட்டேன். டாக்டரம்மா சொன்னப்ப நீ சிரிச்ச. நீ என் பிள்ளைதானே, உன்னை எனக்குத் தெரியாதா?"

அவர் சாப்பிடாமல் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்போது வருவார், எந்த மனநிலையில் வருவார் என்று தெரியாது. அத்தை தன் கட்டிலை இழுத்து என் அறை வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு படுக்கிறார். நான் ராத்திரி வெளியே போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பேசவும் மாட்டார், நகரவும் மாட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எழுதி அந்தக் கட்டிலை ரத்து செய். அது வேண்டியவளுக்குப் போகட்டும்.

தங்கை


ஜூலை 25

அண்ணிக்கு,

வணக்கம். ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய்.

நான் என்ன மிருகமா? என் வீட்டில் என் அம்மாவும் என் பெண்டாட்டியும் சேர்ந்து, எனக்குப் பயந்து துணியை நனைத்துப் போட்டிருக்கிறார்கள். கிளீனரிடம்கூட இதைச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சிரித்தேன், ஆமாம். பெண்கள் நடுவில் உட்காரவைத்து அந்தப் பேச்சைப் பேசினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? சிரிப்புத்தான் வந்தது.

மே மாதம் நான் நடந்துகொண்டது சரி என்று சொல்ல வரவில்லை. கொடியில் துணி இல்லாவிட்டால் நான் ஒதுங்கியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை அண்ணி. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு மாதம், ஆறு மாதம் என்கிறீர்கள் எல்லோரும். எதற்கு ஆறு மாதம்? பார்த்தால் நன்றாகத்தானே நடக்கிறாள், சிரிக்கிறாள்? உள்ளே என்ன ஆகிறது என்று ஒருத்தராவது எனக்குச் சொன்னீர்களா? எனக்கு டயரில் பஞ்சர் ஒட்டினால் எவ்வளவு நேரம் விட வேண்டும், ஏன் விட வேண்டும் என்று தெரியும். இது தெரியாது. நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறவர். எனக்கும் எழுதுங்கள். மாதக் கடைசிவரை இந்தக் கடை முகவரியில் கிடைக்கும். அடுத்த மாதம் எட்டாம் தேதி மறுபடி இதே வழியாக வருவேன்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 3

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் கேட்டதற்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, இவ்வளவு நாளாக உங்களைத் திட்டி எழுதினேனே தவிர உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை என்பது உறைத்தது. அதற்கும் கோபம்தான் வந்தது. எனக்கு வருவது அது ஒன்றுதான்.

கேளுங்கள். இங்கே கிழிந்த விரிப்புகளைத் தைத்துத் திரும்பப் போடுவோம். புதுத் துணி கிழிந்தால் தையல் நிற்கும். நைந்த துணி கிழிந்தால், தைத்த கையோடு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் அப்படியே இருக்கும், துணி விட்டுவிடும். அவள் உடம்பில் அது நைந்த இடம். இரண்டு நாள் தலை அழுத்தியதில் ரத்தம் ஓடாமல் அங்கே சதை செத்துவிட்டது. செத்தது போக மிஞ்சிய ஓரங்களைப் பிடித்து இழுத்துத்தான் டாக்டரம்மா தைத்திருக்கிறார். வெளியே நடப்பாள், சிரிப்பாள். உள்ளே அந்த ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சதையாக வேண்டும். அதற்கு முன்னால் யாராவது பொறுமை இழந்தால் பிரியும். பிரிந்தால் மறுபடி தைக்கலாமே என்பீர்கள். மறுபடி தைக்கப் பிடிக்கும் ஓரம் இன்னும் குறைவாக இருக்கும். முதல் தடவை பிடிப்பதுதான் நன்றாகப் பிடிப்பது. வார்டில் இவளுக்கு எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாளுக்கு மூன்றாவது தடவை. அவர் வீட்டுக்காரரும் உங்களைப் போலப் பேரம் பேசியவராகத்தான் இருப்பார்.

இது போதுமா? புரிந்ததா? புரியவில்லை என்றால் இருபத்தேழாம் தேதி ஆறு மாதப் பரிசோதனை இருக்கிறது, நேரில் போய் டாக்டரம்மாவைக் கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டும். நான்கு தடவை தொடங்கிவிட்டேன். நலமா என்பதோடு நின்றுவிடுகிறது.

அண்ணி


ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

மாமா சுகமா, நீ சுகமா? நான் எழுதி ஒன்றரை மாதமாயிற்று, எனக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. நீ எழுதாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நன்றாக இல்லை. திட்டியாவது எழுது.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது. அத்தை பழக்கத்தில் குழாய்ப் பக்கம் போனார். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, தன் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் வந்தார். அம்மாவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சாப்பிட்டுவிட்டு லாரியிலேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

லாரியில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நான் ஏறப்போனதும் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முதலில் தான் ஏறினார். நடு இடத்தில், கியருக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆகஸ்ட் முடிய இன்னும் சில நாள் இருக்கிறதாம். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அவர், "அம்மா, முட்டியை நகத்து" என்பார். அத்தை ஒரு விரற்கடை நகர்த்துவார். வழி முழுக்க இதுதான் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்து வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, நன்றாகச் சேர்ந்துவிட்டது, கல் மாதிரி இருக்கிறது என்றார். கவுண்டர் வேலைக்குப் போகலாம், ஆனால் அடக்கி வைக்காமல் அவ்வப்போது எழுந்து போக வேண்டும் என்றார். டெப்போவுக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, வலி வருவதற்கு எத்தனை நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும், லாரி அந்த வழி வருமா, ஆம்புலன்ஸுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் கேட்டார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நீ கேட்ட அந்த "தப்புப் பண்ணிட்டேன்" அவர் வாயிலிருந்து வராது அக்கா. நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். நீயும் விடு.

கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, "ஆகஸ்ட் முடிஞ்சா சரிங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா என்னைக் காட்டி, "உடம்பைப் பொறுத்தவரை சரி. மத்தது இவங்களைக் கேளுங்க" என்றார்.

என்னைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரசவத்தில் வண்டி வேண்டும் என்று நான் கத்தியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. துணியை நனைத்துப் போட்டபோதும், நல்லதுக்குத்தான், ஆனால் அத்தை என்னைக் கேட்கவில்லை. நீ கட்டில் ஏற்பாடு செய்தபோதும் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைத்தான் எழுதுகிறேன்.

திரும்பும்போது அத்தை லாரிப் படியருகில் ஒதுங்கி நின்றார். "நீ முன்னாடி ஏறு. நான் ஓரமா உட்காந்துக்கிறேன், காத்து வரும்" என்றார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை.

"இல்ல அத்தை. நீங்க நடுவுலயே உட்காருங்க. எப்ப மாறி உட்காரணும்னு நான் சொல்றேன்" என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். முட்டி வலி உயிர் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறி நடுவில் உட்கார்ந்தார். அவர் வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் ஒரு கடையில் நிறுத்தி, எங்களைக் கேட்டுவிட்டு, மூன்று டீ வாங்கி வந்தார்.

வேலையில் சேர்ந்ததும் எழுதுகிறேன். அத்தைக்கு ஒரு கடிதம் போடு. நலமா என்பதோடு நின்றாலும் பரவாயில்லை, வாசித்துக் காட்டுகிறேன்.

தங்கை